துப்பாக்கிக் கடையில் கேட்டு, "இல்லை" என்று திரும்பிய பொருள் எது?

தென்னந்தோப்பு:

எங்கள் வீட்டில் அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு போர் (bore, அதாவது குழல் அளவு). பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். காட்டுப்பன்றியைச் சுட அல்ல. அதெல்லாம் வனத்துறை பாடு. ராத்திரி கூட்டமாக வந்து தென்னங்கன்றைப் பிடுங்கும்போது வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். வருஷத்துக்குப் பத்துத் தோட்டா செலவானால் அதிகம்.

அந்தப் பத்துக்கு நான் அலையும் அலைச்சல் இருக்கிறதே! பழைய துப்பாக்கி என்பதால் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர். கடையில் எப்போது போனாலும் 70தான் இருக்கும். போன மாதம் கவுன்டரில் இருந்த பையன், "எல்லாம் ஒண்ணுதான் சார், போட்டுப் பாருங்க, உள்ளே போகும்" என்றான். உள்ளே போகும் என்பதுதானே ஆபத்து! 70 என்பது வெடித்து, தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். 65 அறையில் விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் எகிறும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எட்டாவது தாண்டாத என் அப்பா. கண்ணாடி அலமாரியில் லட்ச ரூபாய் ரிவால்வர் பளபளக்கிறது, எனக்கு வேண்டிய தோட்டா மட்டும் இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பத்துமீட்டர் அப்பா:

என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை, பெல்லட் என்னும் சிறு குண்டுக்குத்தான் தவம் கிடக்க வேண்டும். போட்டிக்குத் தட்டைத் தலை பெல்லட் வேண்டும். அதிலும் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வரும். அவள் குழலுக்கு ஒத்துவருவது 4.50. உள்ளூர்க் கடையில் கேட்டால் கூர்முனை டப்பாவை எடுத்து வைத்து, "குரங்கு விரட்ட இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்கிறார். குரங்கை அதால் அடிப்பதே குற்றம், அது வேறு கதை. ஒரு போட்டிக்கு 60 குண்டு, பயிற்சிக்கு அதைவிடப் பல மடங்கு. ஜெர்மனி டப்பாவுக்காகப் பயிற்சியாளரின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காத்துக் கிடக்கிறோம்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

பட்டாளத்துக்கு அப்புறம் வங்கிக் காவலில் இருக்கிறேன். சொந்த இரட்டைக்குழல். 2024 நாடாளுமன்றத் தேர்தல் நேரக் கட்டுப்பாட்டால் மார்ச்சில் ஒரு கடையில் ஒப்படைத்த துப்பாக்கி, ஜூனில் எண்ணிக்கை முடிந்துதான் கைக்கு வந்தது. காவல் வேலைக்கு விலக்கு கேட்ட மனு அதுவரை நகரவே இல்லை. குழலுக்குள் துரு. அதே கடையில் துடைக்கும் கம்பியும் பிரஷ்ஷும் கேட்டேன். இல்லை. எண்ணெய்? "தையல் மிஷின் எண்ணெய் போடுங்க." தோளில் மாட்டும் வார்? அதுவும் இல்லை. கடைசியில் செருப்புத் தைப்பவரிடம்தான் தைத்துக்கொண்டேன்.

பழைய கவுன்டர் ஆள்:

இப்படி ஒரு கடையில் பதினோரு வருஷம் நின்றவன் நான். அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

கடைக்காரரும் லைசென்ஸுக்குக் கட்டுப்பட்டவர்தான். எவ்வளவு தோட்டா இருப்பு வைக்கலாம் என்று அதில் எழுதியிருக்கும். வருவது போவது ஒவ்வொன்றும் பதிவேட்டில் ஏற வேண்டும், வாங்குபவரின் லைசென்ஸிலும் ஏற வேண்டும். 65 கேட்டு எங்களிடம் வருஷத்துக்கு நாலு பேர் வந்தால் பெரிது. அதற்காகப் பெட்டி இறக்கினால் இருப்புக் கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பழைய சீமைத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் கேட்டு வருவார்கள். தனி ஆள் வெளிநாட்டிலிருந்து தருவிப்பது எண்பதுகளிலேயே நின்றுபோனது. பாகத்துக்கு எங்கே போவது? எங்கள் கடை மிஸ்திரி அரத்தை வைத்து ராவியே செய்துகொடுப்பார்.

துப்பாக்கி மட்டும் ஏன் நிறைய இருக்கிறது என்றால், பாதி எங்களுடையதே இல்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தி ஆளுக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்தார்கள். மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வாங்க ஆள் இல்லை. 2014-ல் பெண்களுக்கென்று அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த நிர்பீக் ரிவால்வரையும் விசாரிப்பார்கள். விலை லட்சத்துக்கு மேல் என்றதும், "பெப்பர் ஸ்பிரே இருக்கா அண்ணா?" என்பார்கள். அதுவும் எங்களிடம் இருக்காது.

ஆனால் ஹவில்தார் ஐயா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. எண்ணெய்க்கும் பிரஷ்ஷுக்கும் எந்த லைசென்ஸும் வேண்டாம். இருபது ரூபாய் லாபத்துக்கு அலமாரியில் இடம் எதற்கு என்பார் முதலாளி. நானும் தலையாட்டியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

தம்பி, உண்மையைச் சொன்னீர்கள். தென்னந்தோப்பு, 65 கிடைத்ததா?

தென்னந்தோப்பு:

கிடைத்தது ஐயா, கோவையில் ஒரு கடையில் ஒரே ஒரு பெட்டி. "நாலாம் நம்பர் ரவைதான் இருக்கு, பரவாயில்லையா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வானத்தைச் சுடுகிறவனுக்குத் தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டு எந்த நம்பர் அளவாக இருந்தால் என்ன!