சோர்சு சந்தைக்குப் பின்னால்: தாஷ்கண்ட் அனுபவம்

உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்ட் போகிறவர்கள் பெரும்பாலும் சோர்சு சந்தையின் நீலக் குவிமாடத்தைப் படம் எடுத்துவிட்டு, பாதாமும் உலர்ந்த திராட்சையும் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறிவிடுகிறார்கள். சந்தையைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கிருந்து ஹஸ்ரத்தி இமாம் மசூதி வளாகத்துக்கு டாக்சியில் போகாமல் நடந்து போங்கள். பழைய நகரத்தில் மிஞ்சியிருப்பது அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது.

1865இல் ரஷ்யப் படை ஊரைப் பிடித்த பிறகு, அன்ஹோர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நேரான சாலைகள் போட்டுத் தங்களுக்கென்று ஒரு புது நகரம் கட்டிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். அதனால் இங்கே எந்தச் சந்தும் நேராகப் போகாது. கைபேசி வரைபடத்தை நம்பி நடந்தால் யார் வீட்டுக் கதவிலாவது போய் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இருபுறமும் மண் பூசிய சுவர்கள். தெருப்பக்கம் ஜன்னல் அநேகமாகக் கிடையாது. மஞ்சள் பெயின்ட் அடித்த எரிவாயுக் குழாய் தலைக்கு மேலே ஓடுகிறது. ஒவ்வொரு வாசல் வந்ததும் பந்தல் கட்டியதுபோல மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிறது. வண்டி உள்ளே போக வர வழி வேண்டுமே! வீடு, மரம், மனிதர்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். தெருவில் நிற்பவருக்குக் கதவைத் தவிர ஒன்றும் தெரியாது.

அப்படி ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு அம்மாள் தந்தூர் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். முள் பதித்த சின்ன அச்சால் மாவின் நடுவில் குத்தி, தலையணை மாதிரியான ஒன்றில் வைத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு அடுப்புச் சுவரில் அறைந்து ஒட்டினார். நான் வாசலில் நின்று பார்ப்பதைக் கவனித்து, “ஹிந்திஸ்தான்?” என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான், உள்ளே வரச் சொல்லிவிட்டார்.

முற்றத்துக்கு மேலே திராட்சைக் கொடி, மூலையில் ஒரு மாதுளை, நடுவில் கட்டில் போன்ற அகலமான மர மேடை. அதில் அவருடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். பள்ளியில் படிக்கும் பேத்திக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், எங்கள் பேச்சு அவள் வழியாகத்தான் நடந்தது. பெரியவர் பச்சைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி, மறுபடி கெண்டியிலேயே கொட்டி, இப்படி மூன்று தடவை செய்த பிறகுதான் எனக்குக் கொடுத்தார். அதுவும் அரைக் கிண்ணம். நிறைய ஊற்றிக் கொடுத்தால் ‘குடித்துவிட்டுக் கிளம்பு’ என்று அர்த்தமாகிவிடுமாம்.

ராஜ் கபூர் பெயர் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தது. அடுத்து அவர் சொன்னது லால் பகதூர் சாஸ்திரி. அவர் பெயரில் இங்கே ஒரு தெருவும் சிலையும் உண்டு. 1966 ஜனவரி 10 அன்று பாகிஸ்தானுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அன்று நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் இதே ஊரில்தான் இறந்துபோனார். “அதே வருஷம் வசந்தத்தில் பூமி குலுங்கியது” என்று பெரியவர் தொடர்ந்தார். அப்போது அவர் பள்ளிப் பையன்.

ஏப்ரல் 26, விடியற்காலை. ரிக்டர் அளவில் 5க்குச் சற்று மேல்தான், ஆனால் மையம் நகரத்துக்கு நேர் கீழே, ஆழமும் குறைவு. சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். அந்தக் கோடை முழுவதும் இந்த முற்றத்தில்தான் கூடாரம் போட்டுத் தூங்கினோம் என்றார். இந்த வீடு எப்படி நின்றது என்று கேட்டேன். எழுந்து போய்ச் சுவரைத் தட்டிக் காட்டினார். மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் நிறுத்தி, இடையில் மண் அடைத்த சுவர். சிஞ்ச் என்கிறார்கள். விரிசல் விட்டதாம், பூசிக்கொண்டார்களாம்.

மஹல்லா என்கிற இந்தப் பழைய குடியிருப்புகள் பலவற்றை முடித்துவைத்தது நில அதிர்ச்சி இல்லை, அதற்குப் பிறகு வந்த மறுகட்டுமானம். சோவியத் குடியரசுகள் எல்லாவற்றிலிருந்தும் ஆட்கள் வந்து அடுக்குமாடிகள் எழுப்பினார்கள். இப்போதும் இடித்துக் கட்டுவது நிற்கவில்லை. ‘தாஷ்கண்ட் சிட்டி’ என்ற கண்ணாடிக் கோபுர வளாகம் எழுந்திருப்பதும் மஹல்லா வீடுகளை இடித்த இடத்தில்தான். எனக்கு வயிறு எரிந்தது. பேத்தியோ, லிஃப்ட் வைத்த ஃபிளாட் கிடைத்தால் நாளைக்கே போய்விடுவேன் என்று சிரித்தாள். கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருக்கிறது, ஜனவரியில் வெளியே உறைபனி. ஒரு மதியம் வந்துபோகிற நான் அவளுக்கு என்ன சொல்ல முடியும்?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூப்பிடாமல் முற்றத்துக்குள் கேமராவை நீட்டாதீர்கள். கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறுங்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், கத்தியால் வெட்டாமல் கையால் பிய்த்துத்தான் தருவார்கள். பணம் கொடுக்க முயன்றால் சங்கடப்படுவார்கள். நான் சந்தையில் வாங்கிய பாதாம் பொட்டலத்தைப் பேத்தியிடம் கொடுத்தேன், பதிலுக்கு இரண்டு சூடான ரொட்டி என் பைக்குள் வந்து விழுந்தது. அப்புறம், ஹஸ்ரத்தி இமாம் வளாகத்துக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் போகாதீர்கள், தொழுகைக் கூட்டத்தில் நின்று பார்க்க முடியாது.