13பி ரோட்டரி: லேப்டாப்பில் 8000, டாஷில் 4000. எதை நம்புறது?

காரைக்குடி ஒர்க்‌ஷாப்:
வணக்கம். எனக்குப் பழக்கமெல்லாம் டீசல் வண்டிதான். எங்க பெரியப்பா வீடு மலாயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன குடும்பம். அண்ணன் அங்கேயே தங்கி, பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒண்ணை மலேசியாவில் இருக்கிற சிப்பாங் ரேஸ் டிராக்கில் ஓட்டுறார். 13பி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதிலா ரெண்டு முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரி வகை, டர்போ கிடையாது. புதுசா டிஜிட்டல் டாஷ் மாட்டினதிலிருந்து குழப்பம். ஈசியூவோட (எஞ்சின் கம்ப்யூட்டர்) இணைச்ச லேப்டாப்பில் 8000 ஆர்பிஎம் காட்டுறப்ப டாஷில் 4000. ரோட்டர் ஷாஃப்ட்டை விட மெதுவாத்தானே சுத்தும், டாஷ் அதைக் காட்டுதோன்னு அண்ணன் கேட்கிறார். தண்ணி 88 டிகிரி, ஆயில் 118. ஐடில்ல லாம்டா (காத்து-பெட்ரோல் கலவை அளவு, 1-க்கு மேலன்னா பெட்ரோல் குறைவு) 1.2. அடுத்த மாசம் உதவிக்கு நான் போறேன், அதுக்குள்ள புரிஞ்சுக்கணும்.

தேவகோட்டை ரோட்டரி:
தம்பி, ரோட்டர் கணக்கு இல்ல இது. ஷாஃப்ட் மூணு சுத்து சுத்தினா ரோட்டர் ஒரு சுத்து. ரோட்டரைக் காட்டுற மீட்டரா இருந்தா 2667 வந்திருக்கும். உங்களுக்குச் சரியா பாதி வருது. அப்ப தப்பு பல்ஸ் செட்டிங்கில், அதாவது ஷாஃப்ட் ஒரு சுத்துக்கு காயில்லேருந்து எத்தனை சிக்னல் வரும்னு டாஷுக்குச் சொல்ற இடத்தில்.

ரெண்டு ரோட்டரும் ஷாஃப்ட்டோட ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை வெடிக்கும். சுத்துக்கு ரெண்டு வெடிப்பு, நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் மாதிரியே. அதனால டாஷை 4 சிலிண்டர்னு வச்சிருப்பாங்க, அது நியாயம்தான். ஆனா ஒவ்வொரு ரோட்டருக்கும் ரெண்டு பிளக், முதல்ல அடிக்கிறது லீடிங், அடுத்தது டிரெயிலிங்னு. கம்பெனி அமைப்பில் லீடிங் காயில் ரெண்டு ரோட்டருக்கும் சேர்த்து அடிக்கும், சுத்துக்கு 2 பல்ஸ். டிரெயிலிங் காயில் தனித்தனி, ஒவ்வொண்ணும் 1 பல்ஸ்தான். டாஷுக்குப் போற ஒயரை டிரெயிலிங்ல எடுத்திருக்காங்களான்னு பார்க்கச் சொல்லுங்க. ஆமான்னா டாஷில் சுத்துக்கு 1 பல்ஸ்னு மாத்துங்க. காயிலையே மாத்தி நாலு தனி காயில் போட்டிருந்தா லீடிங்கும் 1 பல்ஸா இருக்கலாம்.

இதைத் தள்ளிப்போடாதீங்க. கியர் மாத்தச் சொல்ற ஷிஃப்ட் லைட் அந்த டாஷை நம்பித்தான் எரியுது. 8500-ல வச்சிருந்தா இப்ப 17000 போனாத்தான் எரியும். ரோட்டரி அதிர்வில்லாம ஏறும், காதால பிடிக்க முடியாது.

ஈப்போ பையன்:
ஐடில் லாம்டாவுக்குப் பயப்படாதீங்க. போர்ட் (காத்தும் புகையும் போற வழி) பெருசு பண்ணின எஞ்சினா இருந்தா ஐடில்ல அடிக்கடி மிஸ்ஃபயர் ஆகும். எரியாத ஆக்சிஜன் அப்படியே சென்சாருக்குப் போகும், பெட்ரோல் குறைவுன்னு அது சொல்லும். முழு திராட்டில்ல 1-க்கு மேல காட்டினா மட்டும் உடனே காலை எடுக்கணும், ரோட்டர் முனையில இருக்கிற அபெக்ஸ் சீல் போயிடும்.

தேவகோட்டை ரோட்டரி:
ஆயில்தான் எனக்குக் கவலை. ரோட்டரோட உள்பக்கத்தை ஆறவைக்கிறது தண்ணி இல்ல, ஆயில். அதனால டீசல் வண்டியில மாதிரி தண்ணி மீட்டரை மட்டும் பார்த்தா போதாது. சென்சார் எங்க இருக்கு? சம்ப்பிலயா (ஆயில் தேங்குற அடித்தொட்டி), ஆயில் கூலருக்கு அப்புறமா? சம்ப்பில 118-ன்னா கூலர் எவ்வளவு குறைக்குதுன்னு பார்க்கணும். கூலருக்கு அப்புறமே 118-ன்னா ஓட்டவே வேண்டாம். தண்ணியும் 100-ஐத் தாண்ட விடாதீங்க. அலுமினிய ஹவுசிங்கும் இரும்புத் தட்டும் ஒரே அளவா விரியாது, நடுவுல இருக்கிற தண்ணி சீல்தான் அடி வாங்கும்.

காரைக்குடி ஒர்க்‌ஷாப்:
அண்ணே, ஒயர் டிரெயிலிங்லதான் இருந்துச்சு. 1 பல்ஸ் வச்சதும் டாஷும் லேப்டாப்பும் ஒண்ணாப் போகுது. ஆயில் சென்சார் சம்ப்பில. கூலருக்கு அப்புறம் இன்னொண்ணு போடச் சொல்லிட்டேன், அதுவரைக்கும் வண்டியை ஷெட்டை விட்டு எடுக்கக்கூடாதுன்னும் சொல்லிட்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.