ஃபிரிட்ஜில் வைத்த ட்யூலிப் கிழங்கு குள்ளமாகப் பூத்தது ஏன்?

கிளிநொச்சி வளவு:
ஐப்பசியில் கனடாவிலிருந்து வந்த மச்சாள் 12 ட்யூலிப் கிழங்கு தந்தார். குளிர் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஆறை ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டில் 5 கிழமை வைத்தேன், மற்ற ஆறும் குசினி அலுமாரியில் கிடந்தன. பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் சாடியில் நட்டேன். அலுமாரிக் கிழங்குகள் இரண்டிரண்டு இலையோடு நின்றுவிட்டன. ஃபிரிட்ஜில் இருந்தவற்றில் இரண்டு மட்டும் மொட்டு வைத்தன, அதுவும் தண்டே நீளாமல் இலைக்குள் புதைந்துபோய். ஒன்று விரிய முதலே கடதாசி மாதிரிக் காய்ந்துவிட்டது. குளிர் கூடிப்போச்சா, குறைஞ்சுபோச்சா?

வவுனியாத் தோட்டம்:
குறைஞ்சுபோச்சு. ட்யூலிப்புக்கு 12 தொடக்கம் 16 கிழமை வேண்டும், 2 முதல் 9 பாகைக்குள். ஃபிரிட்ஜ் 4, 5 பாகையில் ஓடும், அது காணும். ஐஸ் பெட்டிக்குள் வைத்தால் கிழங்கு செத்துவிடும். பூ குளிரில் உருவாவதில்லை, அது முன்னமே கிழங்குக்குள் இருக்கிறது. முளைக்காதது இருந்தால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். குளிர் செய்வது, செதிலில் உள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக்கித் தண்டை நீளத் தயார்ப்படுத்துவது. நாள் கணக்கு முடிய முதல் வெளியே எடுத்தால் பூ இலைக்குள்ளேயே கிடக்கும்.
அதுசரி, ஃபிரிட்ஜில் பழம் இருந்ததா?

கிளிநொச்சி வளவு:
ஒரு பை அப்பிள், அதே தட்டில். கிழங்கை அதற்கு மேலேதான் வைத்தேன்.

வவுனியாத் தோட்டம்:
அப்ப காய்ந்த மொட்டில் அதற்கும் பங்கிருக்கலாம். பழம் பழுக்கும்போது வரும் எதிலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கருக்கிவிடும். தட்டு மாற்றிப் பிரயோசனமில்லை, ஃபிரிட்ஜுக்குள் காற்று ஒன்றுதான். அடுத்த முறை கடதாசிப் பையில் போடுங்கள், பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி தொடக்கத்திலேயே வைத்தால்தான் தை குளிரோடு நடலாம், பிந்தினால் பங்குனி வெயில் பிடித்துவிடும். நிழல் விழும் கிணற்றடி நல்லது. எப்படிப் பார்த்தாலும் எங்கள் சூட்டில் அது ஒரு வருசப் பூத்தான், மறுவருசம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒட்டுசுட்டான் அக்கா:
தம்பி, வேலியில் கார்த்திகைப்பூ இருக்க இதுக்கேன் இவ்வளவு பாடு? கோடை முழுக்கக் காய்ந்த மண்ணுக்குள் படுத்துக் கிடந்துவிட்டு மாரி மழைக்குத் தானாக எழும்பும். அதுக்கு ஓய்வு வறட்சியில்தான், குளிரில் இல்லை. கவட்டை மாதிரிக் கிழங்கின் நுனியில் இருக்கும் முளையை மட்டும் முறிக்காமல் நடுங்கோ. கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் கையில் படாமல் பாருங்கோ.

கிளிநொச்சி வளவு:
முளைக்காத ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நடுக்குருத்துக்குள் குட்டிப் பூ உண்மையாகவே இருக்கிறது, கேசரம் ஆறையும் எண்ணலாம், ஆனால் எல்லாம் மண்ணிறமாகக் கருகி. அப்பிளை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். இப்ப ஃபிரிட்ஜில் கிழங்கே இல்லையே என்று மனுசி சிரிக்கிறா.