புதுப்பிப்பு: பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் கிளினிக் அனுபவம் தேவையா?

முன்பு நான் கேட்டது: மதிப்பெண் இருக்கிறது, ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஒரு பல் மருத்துவர் பக்கத்தில் நின்று வேலையைப் பார்ப்பது அவசியமா, கைப்பழக்கத்தை எப்படி வளர்ப்பது? பலரும் "கட்டாயம் போங்க" என்றீர்கள். போய்க்கொண்டிருக்கிறேன், மனமார்ந்த நன்றி.

என்னைக் கட்டிப்போட்டது மேல்தாடைக் கடைவாய்ப்பல்லில் செய்யும் வேலை. பெரும்பாலும் பல்லை நேரடியாகப் பார்க்கவே முடியாது. சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே, நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்று வரை சுழலும் ட்ரில்லை மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்த வேண்டும், அதுவும் ஒரு விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றியபடி. அதற்காகவே இப்போது வீட்டில் கண்ணாடியை மட்டும் பார்த்துத் தாளில் கோடு போட்டுப் பழகுகிறேன், அப்புறம் சோப்புக் கட்டியில் பல் செதுக்குகிறேன். கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளம் படத்தில் பார்த்தால் மறந்துவிடும், செதுக்கினால் மறக்காது.

அமெரிக்காவின் பல் மருத்துவ நுழைவுத் தேர்வான டிஏடி (DAT) எழுதுபவர்களுக்கு ஒன்று: வடிவங்களை மனதில் திருப்பிப் பார்க்கும் பகுதியில் 60 நிமிடத்தில் 90 கேள்விகள். தாள் மடித்து ஓட்டை போடும் கேள்விகளுக்கு நிஜத் தாளிலேயே மடித்துப் பழகுங்கள்.

ஆனால் விண்ணப்பக் கட்டுரையில் நான் எழுதுவது வேறு. ஊசி போடும் முன் மருத்துவர் "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்பார், கை தூக்கினால் நிஜமாகவே நிறுத்துவார். நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் அதற்குப் பிறகுதான் தளர்கின்றன. பரிந்துரைக் கடிதமும் அவரிடமே கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொல்லிவிட்டார்.