வீடியோநவ் டிஸ்க்கில் இருந்து படத்தை எடுக்க வழி உண்டா?

எல்லாருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறோம். வீடு மாறும்போது மகளின் பழைய வீடியோநவ் பிளேயரும் நாலு டிஸ்க்கும் கிடைத்தன. 2003-இல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனி குழந்தைகள் கையில் வைத்துப் படம் பார்ப்பதற்காகக் கொண்டுவந்ததே, அந்தக் கருப்பு வெள்ளைப் பிளேயர்தான். அவளிடம் காட்டுகிற அவசரத்தில் மாடிப்படியில் நழுவவிட்டு மூடியை நானே உடைத்துவிட்டேன். (வீட்டில் இன்னும் திட்டு ஓயவில்லை.)

டிஸ்க் சாதாரண சிடியைவிடச் சின்னது. தட்டு வெளியே வருகிற டிரைவில் நடுவில் வைத்தால் உட்கார்ந்துகொள்கிறது. நேரே உள்ளே தள்ளுகிற டிரைவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சிக்கிக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர் இதைப் பாட்டு சிடி என்றே நினைக்கிறது. ஹெட்போனில் ஒரு காதில் கார்ட்டூன் பேச்சு, இன்னொரு காதில் கரகரவென்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சல்தான் படம்! 80-க்கு 80 புள்ளி, நொடிக்கு 15 ஃபிரேம் (அதாவது 15 தனித்தனிப் படம்).

நாலு டிஸ்க்கையும் கம்ப்யூட்டரில் வேவ் (WAV) ஆடியோ ஃபைலாக எடுத்து வைத்துவிட்டேன். அந்த இரைச்சலை மறுபடி படமாக்க யாராவது முயன்றிருக்கிறீர்களா? ஒரு ஃபிரேம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று எதை வைத்துப் பிடிப்பது? எனக்குப் பைத்தானில் புரோகிராம் எழுத ஓரளவு வரும். உடையாத பழைய பிளேயர் யாரிடமாவது சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.