ஜெர்மனியில கார்ஸ்வைலர் நிலக்கரி சுரங்கம் பக்கம் காலி கிராமங்கள், போட்டோ எடுக்கப் போலாமா?

கேள்வி: கொலோன்ல இருக்கேன். நிலக்கரி சுரங்கத்துக்காக காலி பண்ண ஊர்களை போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, அதுல ஒண்ணான இம்மராத் ஊர் சர்ச் இன்னும் இருக்கா?

பதில்: இல்லங்க, 2018 ஜனவரியிலயே இடிச்சுட்டாங்க, பக்கத்துல ல்யூட்ஸராத் கிராமத்தையும் 2023ல இடிச்சுட்டாங்க. கெயன்பெர்க் போங்க, இடிக்க வேணாம்னு 2022ல எடுத்த முடிவால தப்பிச்ச ஊர், முக்கால்வாசி பேர் ஏற்கனவே காலி பண்ணிட்டுப் போனதால ஷட்டர் இறக்கின ஜன்னல், வாசப்படியை மூடின செடின்னு நிறைய கிடைக்கும். சாயங்கால வெயில் செங்கல் சுவத்துல சாய்வா விழும்போது எடுங்க, 35எம்எம் லென்ஸ் போதும்.

இன்னொரு பதில்: நண்பா, அங்க இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க. கேக்காம காம்பவுண்டுக்குள்ள நுழையாதீங்க, காலி வீடுன்னாலும் கேஸ் ஆகும். சுரங்கத்து விளிம்புல மண்ணு சரியும், வேலி தாண்டவே வேணாம். பெரியவங்க யாராச்சும் பேச வந்தா கேமராவை கீழ வெச்சுட்டு முதல்ல கேளுங்க.

கேட்டவர்: ரொம்ப நன்றிங்க, சனிக்கிழமை கெயன்பெர்க் போறேன்.