நெஷெர்: கழுகா, பாறா?

மலைப்பாறு:
நேற்று ஆராதனையில் வேதாகமத்தின் ஏசாயா 40:31 ("கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்" கழுகுகளைப்போல எழும்புவார்கள் என்ற வசனம்) வாசித்தபோது திரையில் வெண்தலைக் கழுகின் படத்தைப் போட்டார்கள். அமெரிக்க அரசு முத்திரையில் இருக்கும் அந்தப் பறவை இஸ்ரேலில் கிடையவே கிடையாது. வசனத்தில் உள்ள எபிரெயச் சொல் 'நெஷெர்'. இன்று அங்கே அது பிணந்தின்னிக் கழுகைக் குறிக்கும். நம் பறவை ஆர்வலர்கள் பாறு என்பார்கள். வேட்டைக் கழுகுக்கு அங்கே 'அயித்' என்று வேறு சொல் உண்டு. மீகா 1:16-ஐப் பாருங்கள்: "கழுகைப்போல முழுமொட்டையாயிரு". மொட்டைத்தலை பாறுக்குத்தானே?

பழைய ஏற்பாட்டு மாணவன்:
சகோதரரே, இன்றைய எபிரெயத்தை வைத்து அன்றைய சொல்லை அளக்க முடியாது. கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் கழுகு என்றுதான் எழுதினார்கள். எசேக்கியேல் 17-ல் பாபிலோன் ராஜாவே பலவருண இறகுள்ள நெஷெராக வருகிறார். பிணம் தின்னும் பறவையை ராஜாவுக்கு ஒப்பிடுவார்களா? போதாக்குறைக்கு, லேவியராகமம் 11:13-ல் தீட்டான பறவைகளில் முதல் பெயரே அதுதான்.

மலைப்பாறு:
தீட்டு என்பது கழுகானாலும் பாறானாலும் ஒன்றுதானே, அதனால் எதுவும் முடிவாகாது. அருவருப்பு நம்முடையது, அவர்களுடையது அல்ல. எகிப்தில் 'தாய்' என்று எழுத வரைந்த சித்திரமே பாறுதான். ராணிகள் தலையில் அணிந்ததும் அதன் உருவம். அந்த எகிப்தைவிட்டு வந்த ஜனத்திடம்தான், "உங்களைக் கழுகுகளுடைய செட்டைகளின்மேல் சுமந்தேன்" என்கிறார் கர்த்தர். உபாகமம் 32:11-ல் நெஷெர் குஞ்சுகளின்மேல் 'அசைவாடுகிறது'. ஆதியாகமம் 1:2-ல் ஆவியானவர் ஜலத்தின்மேல் அசைவாடுவதற்கும் எபிரெயத்தில் அதே வினைச்சொல். எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை தெரியவில்லை.

கூடலூர் அக்கா:
மொழி எனக்குத் தெரியாது, பறவையைத் தெரியும். மோயாற்றங்கரை நீர்மத்தி மரங்களில் வெண்முதுகுப் பாறுகளைப் பார்த்திருக்கிறேன். காலையில் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், அவசரமே இல்லை. தரை சூடேறி அனல்காற்று மேலே கிளம்பியதும் ஒன்று பறக்கும், அப்புறம் அடுத்தது. ஒரு தடவை காற்றில் ஏறிவிட்டால் சிறகை அடிக்கவே அடிக்காது, வட்டமடித்தபடி புள்ளியாகிவிடும். "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள்" என்று வாசிக்கும்போதெல்லாம் அந்த மரம்தான் நினைவுக்கு வருகிறது.

மலைப்பாறு:
அக்கா, சரியாகப் பிடித்தீர்கள்! தமிழில் "செட்டைகளை அடித்து எழும்புவார்கள்" என்று இருக்கிறது. எபிரெயத்தில் 'அடித்து' இல்லை. சிறகோடு மேலே ஏறுவதுதான் இருக்கிறது.

பழைய ஏற்பாட்டு மாணவன்:
ஏசாயாவிலும் மீகாவிலும் பாறு என்றால் ஒத்துக்கொள்கிறேன். யோபு 39:30-ம் உங்கள் பக்கம்தான்: "பிணம் எங்கேயோ அங்கே" நெஷெர் இருக்கும். ஆனால் எசேக்கியேலை விட்டுக்கொடுக்க மாட்டேன். பாறின் இறகில் பலவருணம் எங்கே? பெரிய இரைப்பறவை எல்லாவற்றுக்கும் நெஷெர் பொதுப்பெயராக இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். நம் 'கழுகு' என்ற சொல்லும் அப்படி இரண்டையும் சுமக்கிறதே.

மலைப்பாறு:
பலவருணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. திரைக்குப் படம் போடும் தம்பிக்கு மட்டும் ஒரு பாறு படம் அனுப்பிவிட்டேன்.